மிதக்கும் உலகின் மங்கையர்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் அந்நாட்டு மன்னர்களின் கோட்டைகளையும் போர்க்களங்களையும் காணச் செல்வர். ஆனால் மக்கள் மாலை வேளையில் எங்கே உலாவினர், எந்தக் கடையில் தேநீர் அருந்தினர், அவ்வாண்டு எந்த வண்ணத்தில் ஆடை உடுத்தினர், கூந்தலை எப்படி முடித்தனர் என்பவற்றையும் வரலாறு என்றே கொள்ள வேண்டும் அல்லவா? இவற்றையெல்லாம் சித்திரமாகவே எழுதி வைத்துவிட்டுப் போன மக்கள் ஜப்பானியர். அவர்களுடைய மரக்கட்டை அச்சு ஓவியங்களுடன் இவ்வாண்டு சில மாதங்கள் வாழும் வாய்ப்பு எங்கள் வகுப்புக்குக் கிட்டியது. கண்டதையும் கேட்டதையும், எங்களுக்குள்ளேயே வாதாடியதையும், அன்புத் தோழியரே, உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பள்ளிக் கண்காட்சியில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நாடு ஒதுக்கப்பட்டபோது எங்களுக்கு வாய்த்தது ஜப்பான். ஃபூஜி மலை, செர்ரி மலர், விரைவு ரயில் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் ஓவிய ஆசிரியையோ தம் பெட்டியிலிருந்து பதினான்கு அச்சுப் பிரதிகளை எடுத்து மேசைமேல் பரப்பினார். மலை இல்லை, ரயில் இல்லை, பதினான்கிலும் பெண்கள். ஒருத்தி கண்ணாடியில் முகம் பார்க்கிறாள். ஒருத்தி கடிதம் படிக்கிறாள். ஒருத்தி குடை பிடித்துப் பனியில் நடக்கிறாள். இருவர் ஆற்றங்கரையில் காற்று வாங்குகிறார்கள். "முதலில் ஒரு வாரம் இவற்றைச் சும்மா பாருங்கள். பிறகு பேசுவோம்" என்றார் ஆசிரியை.

இவ்வகைச் சித்திரங்களுக்கு 'உகியோ-எ' என்று பெயர். 'உகியோ' என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. பழைய பௌத்த வழக்கில் அது துயரம் நிறைந்த இவ்வுலகைக் குறித்தது. பின்னர் அதே ஒலியை வேறோர் எழுத்தால் எழுதி, 'மிதக்கும் உலகம்' என்று பொருள் மாற்றிக்கொண்டனர். 1660-களில் அசாய் ரியோயி என்னும் எழுத்தாளர் தம் நாவலில் இப்புதிய பொருளைப் பரப்பினார். நிலையாத உலகந்தானே, அழுதென்ன பயன்? நிலவையும் மலரையும் பாட்டையும் அனுபவித்து, ஆற்றில் மிதக்கும் சுரைக்காய் போலக் கவலையின்றிப் போவோம் என்பது அதன் கருத்து. துயரம் என்ற சொல்லே கேளிக்கை என்று மாறிய விந்தையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் பின்பகுதியில் அது மறுபடி தேவைப்படும்.

இன்றைய டோக்கியோவுக்கு அன்று எடோ என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பத்து லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்தனர் என்று கணக்கிடுகின்றனர். நாடெங்கிலுமுள்ள பிரபுக்கள் குறிப்பிட்ட காலம் எடோவில் வந்து தங்க வேண்டும் என்பது அரசின் கட்டளை. அவர்களோடு வீரர்களும் பணியாளர்களும், அவர்களை நம்பி வணிகரும் கைவினைஞரும் வந்து குவிந்தனர். வணிகரிடம் பணம் இருந்தது. ஆனால் சமுதாயப் படிநிலையில் அவர்களுக்கு மதிப்பில்லை. அந்தப் பணம் நாடகக் கொட்டகைக்கும் தேநீர்க் கடைக்கும் துணிக்கடைக்கும் சென்றது. சித்திரத் தாளுக்கும் வந்தது. ஒரு தாளின் விலை ஏறத்தாழ ஒரு கிண்ணம் நூடுல்ஸின் விலைதான் என்பர். இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் மங்கிய விளக்கொளியில் வைத்துக் காக்கப்படும் அத்தாள்கள், அன்று கூலிக்காரர் வீட்டுச் சுவரிலும் ஒட்டப்பட்டவை.

தொடக்கத்தில் இவை கறுப்பு மையில் மட்டுமே அச்சாயின. துணியில் சித்திர வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்து, 1694-ல் மறைந்த ஹிஷிகாவா மோரோனோபு இக்கலைக்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர். அவர் வரைந்த பெண்களின் ஆடை அவ்வளவு அழகாக இருப்பதில் வியப்பென்ன? பல வண்ண அச்சு 1765-ல் மலர்ந்தது. அதற்குக் காரணம் ஒரு நாட்காட்டி! அந்நாளில் சில மாதங்களுக்கு முப்பது நாள், சிலவற்றுக்கு இருபத்தொன்பது நாள்; எவை நீளம், எவை குறைவு என்பது ஆண்டுதோறும் மாறும். செல்வந்த ரசிகர்கள் அம்மாத எண்களைப் பெண்ணின் ஆடை மடிப்பிலும் இடைக்கச்சையிலும் மறைத்து வைத்த சித்திர நாட்காட்டிகளை அச்சடித்துப் புத்தாண்டுப் பரிசாக மாற்றிக்கொண்டனர். செலவைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை. சுசுகி ஹருனோபு அதற்காகப் பல கட்டைகளைக் கொண்டு பல வண்ணம் அச்சிடும் முறையை நிறைவு செய்தார். பட்டுச் சரிகைத் துணி போல இருந்ததால் அவற்றுக்கு 'நிஷிகி-எ', அதாவது சரிகைச் சித்திரம், என்று பெயர் வந்தது.

இச்சித்திரம் ஒருவர் கைவேலையன்று. ஓவியர் மெல்லிய தாளில் வரைவார். செதுக்குபவர் அத்தாளைக் குப்புறத் திருப்பிச் செர்ரி மரப் பலகையில் ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைச் செதுக்கி எடுப்பார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கட்டை. வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று விலகாமல் விழுவதற்காக ஒவ்வொரு கட்டையின் ஓரத்திலும் 'கெண்டோ' என்னும் அடையாள வெட்டு இருக்கும். அச்சடிப்பவர் தூரிகையால் கட்டையில் வண்ணம் பூசி, முசுக்கட்டை இனச் செடியின் நாரிலிருந்து செய்த தாளை மேலே விரித்து, மூங்கில் மடலில் பொதிந்த 'பாரன்' என்னும் வட்டத் தட்டால் தேய்ப்பார். அச்சு இயந்திரம் எதுவுமில்லை. எல்லாம் கையின் அழுத்தம்தான். மை தடவாத கட்டையில் தாளை அழுத்தினால் வெள்ளாடையின் நெசவு மட்டும் புடைத்துத் தெரியும். அப்ரகப் பொடி தூவினால் பின்னணி வெள்ளி போல் மின்னும்.

எல்லாவற்றிலும் கடினமானது நெற்றியோரத்து மயிரைச் செதுக்குவது. தேர்ந்த செதுக்குநரிடம்தான் முகமும் கூந்தலும் ஒப்படைக்கப்படும். இதைப் படித்ததும் எங்களுக்கும் ஆசை வந்தது. பள்ளித் தச்சர் கொடுத்த பலகைத் துண்டில் 'அ' என்ற ஓர் எழுத்தை மட்டும் இடவலம் மாற்றிச் செதுக்கினோம். ஆறு பேர் முறைவைத்துச் செதுக்கியும் இரண்டு மாலைகள் ஆயின. அதன் பிறகு ஹருனோபுவின் படத்தில் ஒரு பெண்ணின் கழுத்தோரத்துப் பூனைமயிரைப் பார்த்தபோது எங்கள் வகுப்பே மௌனமாகிவிட்டது. அதைச் செதுக்கியவர் யார்? ஓவியரின் பெயர் தாளில் இருக்கிறது. வெளியிட்டவரின் முத்திரை இருக்கிறது. செதுக்கியவர், அச்சடித்தவர் பெயர்கள் பெரும்பாலும் இல்லை.

பெயர் என்றதும் ஒகிதாவின் கதையைச் சொல்லியாக வேண்டும். எடோவில் அசகுசா கோயிலருகே 'நானிவாயா' என்ற தேநீர்க் கடை இருந்தது. அங்கே தேநீர் கொண்டுவந்து கொடுத்த பெண் ஒகிதா. 1793-ஆம் ஆண்டளவில் அவளுக்குப் பதினாறு வயதளவே இருக்கும். எங்களை ஒத்த வயது. கிதகாவா உத்தமாரோ என்ற பேரோவியர் அவளை வரைந்தார். அரிசி முறுக்குக் கடைக்காரர் மகள் ஒஹிஸா, தொயோஹினா என்ற இசைப்பெண் ஆகியோருடன் சேர்த்து, 'இக்கால மூன்று அழகியர்' என்றும் வரைந்தார். முதலில் பார்த்தால் மூன்று முகமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆடையிலுள்ள சின்னத்தைக் கொண்டுதான் யார் எவர் என்று அறியலாம். ஆனால் ஒரு வாரம் பாருங்கள் என்று ஆசிரியை சொன்னாரே, அதன் பயன் அப்போது தெரிந்தது! ஒருத்தியின் மூக்கு சற்று வளைவு. ஒருத்தியின் கன்னம் சற்று உருண்டை. ஒருத்தியின் கண் சற்றுக் கீழ்நோக்கியது. நான்காம் நாளில் மூவரையும் தெருவில் கண்டாலும் அடையாளம் சொல்லும் அளவுக்கு நாங்கள் பழகிவிட்டோம்.

இப்படங்களால் ஒகிதாவின் கடையில் கூட்டம் பெருகியது. அரசுக்கு இது பிடிக்கவில்லை. சாதாரணக் குடும்பத்துப் பெண்களின் பெயரைப் படத்தில் அச்சிடக் கூடாது என்று 1793-ல் தடை விதித்தது. உத்தமாரோ என்ன செய்தார் தெரியுமா? பெயரை எழுதவில்லை, படத்தின் மூலையில் ஒரு விடுகதையை வரைந்தார். இரண்டு கட்டுக் கீரை, ஓர் அம்பு, கடல், வயல். ஜப்பானிய மொழியில் கீரைக்கு 'நா', இரண்டுக்கு 'நி', கட்டுக்கு 'வா', அம்புக்கு 'யா', கரைக்கு அப்பாலுள்ள கடலுக்கு 'ஒகி', வயலுக்கு 'தா'. சேர்த்துப் படித்தால் 'நானிவாயா ஒகிதா'! 1796-ல் அவ்விடுகதைகளுக்கும் தடை வந்தது. 1800-ல் பெண்களின் முகத்தைப் பெரிதாக வரைவதற்கே தடை வந்தது. பின்னர் 1804-ல், பழைய ஆட்சியாளர் ஒருவரை வரைந்த குற்றத்துக்காக உத்தமாரோ கைவிலங்குடன் ஐம்பது நாள் இருக்க நேர்ந்தது. 1806-ல் அவர் காலமானார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எந்தப் பெண்களின் பெயரை அச்சிட அரசு தொடர்ந்து அனுமதித்தது? யோஷிவாராவின் பெண்களுடைய பெயரைத்தான்.

பெற்றோரும் படிக்கும் இம்மலரில் இதை எழுதலாமா என்று தயங்கினோம். எழுதாவிட்டால் எங்கள் கட்டுரை பாதி உண்மையாகிவிடும். எடோ நகரின் ஓரத்தில், மதிலும் அகழியும் சூழ, ஒரே வாயிலுடன் இருந்த கேளிக்கைப் பேட்டை யோஷிவாரா. 1617-ல் அரசு அனுமதி பெற்றது. 1657-ல் நடந்த பெருந்தீக்குப் பின் அசகுசாவுக்கு வடக்கே மாற்றப்பட்டது. மிக அழகிய ஆடைகளும், கூந்தலைச் சுற்றிச் சூரியக் கதிர் போல் நிற்கும் கொண்டை ஊசிகளும் இப்பெண்களின் படங்களில்தான் உள்ளன. நாங்கள் தேர்ந்தெடுத்த பதினான்கில் ஐந்து அத்தகையவை. அவர்களில் பெரும்பாலோர் வறுமையின் காரணமாகக் குடும்பத்தாரால் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒப்படைக்கப்பட்ட பெண்கள். அந்தப் பணம் அவர்கள் தலையில் கடனாக எழுதப்பட்டது. படத்தில் நாம் வியக்கும் பட்டாடையின் விலையும் அதே கடனில் சேர்ந்தது. ஆடை எவ்வளவு அழகோ அவ்வளவுக்கு வாயிலும் தூரமாயிற்று. அவர்களுக்கு இருந்த பெயர்களும் சொந்தப் பெயர்களல்ல. 'ஹனாஓகி' போன்ற புகழ்பெற்ற பெயர்கள் விடுதிக்குச் சொந்தம். ஒருத்தி போனால் அடுத்தவளுக்கு அப்பெயர் சூட்டப்படும்.

இதை அறிந்த நாளில் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "இந்த ஐந்து படங்களையும் எடுத்துவிடுவோம். பெண்கள் பள்ளியில் இவை வேண்டாம்" என்றது ஒரு பக்கம். "கலையைக் கலையாகப் பாருங்கள். கதை எதற்கு?" என்றது மறுபக்கம். ஒரு தோழியின் தந்தை பள்ளிக்கு வந்து, "சிஸ்டர், பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இந்தப் படங்கள் தேவைதானா?" என்று பணிவாகக் கேட்டார். சிஸ்டர் அவரை அமரச் சொல்லி, ஐந்து படங்களையும் அவர் முன்னே வைத்தார். அவற்றுள் ஒன்றில் ஒரு பெண் பேரெழிலுடன் நடந்து செல்கிறாள். அவள் அருகில் ஒரே மாதிரி உடையணிந்த இரு சிறுமியர். அந்நேரம் ஐந்தாம் வகுப்புத் தங்கை ஒருத்தி வருகைப் பதிவேட்டுடன் உள்ளே வந்தாள். படத்தை எட்டிப் பார்த்து, "அக்கா, இந்தப் பாப்பாவோட பேரு என்ன?" என்று எங்களிடம் கேட்டாள்.

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அச்சிறுமியருக்குக் 'கமுரோ' என்று பெயர். ஆனால் அது பெயரன்று, பணி. ஏழெட்டு வயதிலேயே அங்கே கொண்டுவரப்பட்டு, மூத்த பெண்களுக்கு ஏவல் செய்து, வளர்ந்ததும் அதே வாழ்வுக்குள் தள்ளப்பட்ட குழந்தைகள் அவர்கள். எங்களிடம் கேள்வி கேட்ட தங்கையின் உயரந்தான் படத்திலிருந்த பிள்ளையும். தோழியின் தந்தை நெடுநேரம் அப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை எடுக்க வேண்டாம் சிஸ்டர். ஆனால் பக்கத்தில் எழுதி வையுங்கள்" என்றார். சிஸ்டர் எங்கள் பக்கம் திரும்பி, "படத்தை மறைப்பது எளிது. அந்தப் பிள்ளை யார் என்று சொல்வதுதான் கடினம். நீங்கள் கடினமானதைச் செய்யுங்கள்" என்றார்.

அன்று முதல் படங்களின் அழகைக் குறைத்துப் பேசாமலும், அதில் மயங்கி உண்மையை மறக்காமலும் ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுத முயன்றோம். அப்போதுதான் உத்தமாரோவின் மேல் எங்களுக்கு மதிப்பு உயர்ந்தது. யோஷிவாராவின் பன்னிரண்டு பொழுதுகள் என்று 1794-ஆம் ஆண்டளவில் அவர் ஒரு படவரிசை செய்தார். அதில் நள்ளிரவு கடந்த எருதுப் பொழுதில் ஒரு பெண் அரைத் தூக்கத்தில் எழுந்து வருகிறாள். ஒரு கையில் எரியும் தாள்திரி. காலோ செருப்பைத் தேடுகிறது. ஆடம்பரம் ஒன்றுமில்லை, களைப்பு மட்டுமே. வாங்கிய ஆடவர் அதையும் அழகென்றே பார்த்திருக்கலாம். இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்து பார்க்கும் எங்களுக்கோ, இரவுப் பணி முடிந்து வரும் எந்தப் பெண்ணின் முகமும் அதில் தெரிகிறது.

அவரே அடுக்களைப் பெண்களையும் வரைந்தார். ஒருத்தி முதுகில் குழந்தையைச் சுமந்தபடி கத்தரிக்காய்த் தோலைச் சீவுகிறாள். ஒருத்தி ஊதாங்குழலால் அடுப்பை ஊதுகிறாள். இன்னொருத்தி ஆவி முகத்தில் அடிக்கக் கண்ணைச் சுருக்குகிறாள். இவர்களும் அவருடைய அழகியர்தாம்! தாயும் சேயும் உள்ள அவருடைய படங்கள் பின்னாளில் கடல் கடந்தன. 1890-ல் பாரிஸில் நடந்த ஜப்பானிய அச்சு ஓவியக் கண்காட்சியைக் கண்ட அமெரிக்க ஓவியப் பெண்மணி மேரி கஸாட், அதன் தூண்டுதலால் பத்து வண்ண அச்சு ஓவியங்கள் செய்து 1891-ல் காட்சிக்கு வைத்தார். மரத்துக்குப் பதில் செப்புத் தகடுகளைக் கையாண்டார். குழந்தையைக் குளிப்பாட்டும் தாயும், கடித உறையை ஒட்டும் பெண்ணும் அவற்றில் உள்ளனர்.

நம் கரைக்கும் இப்படங்களுக்கும் ஓர் உறவு உண்டு என்றால் நம்புவீர்களா? எடோவில் நெடுங்கோடு போட்ட பருத்தித் துணி நாகரிகத்தின் உச்சமாகக் கருதப்பட்டது. அயல்நாட்டுக் கப்பல்களில் வந்த அத்துணிகளுள் ஒருவகைக்கு 'ஸாந்தோமே-ஜிமா' என்று பெயர். எந்த ஊர்ப் பெயர் என்று கண்டுகொண்டீர்களா? சோழமண்டலக் கரையில், மயிலாப்பூரில் புனித தோமையாரின் பெயரால் போர்த்துகீசியர் வழங்கிய சாந்தோம்தான் அது. நம் கரையில் நெய்த கோட்டுத்துணி எடோவின் நாகரிக உடையாயிற்று. பின்னர் ஜப்பானியரே அதைப்போல நெய்யக் கற்றுக்கொண்டனர். படத்தில் கோட்டுத்துணி உடுத்திய பெண்ணைக் கண்டால் இப்போது எங்களுக்கு உறவுக்காரியைக் கண்டதுபோல் இருக்கிறது. தறியில் அமர்ந்த கைகளின் பெயரும் நமக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தே நினைக்கிறோம்.

வரைந்தவர்கள் எல்லாம் ஆடவர்தாமா என்று தேடினோம். பேரலையை வரைந்த ஹொகுசாயின் மகள் ஓயி எங்களுக்குக் கிடைத்தாள். முதுமையில் தந்தையின் வேலைக்குத் துணைநின்றவள். அழகியரை வரைவதில் மகளுக்குத் தாம் ஈடாகோம் என்று தந்தையே கூறியதாகக் குறிப்பு உண்டு. அவள் பெயரில் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, டோக்கியோவின் ஓதா நினைவு அருங்காட்சியகத்தில் உள்ள யோஷிவாராவின் இரவுக் காட்சி. அதில் முகங்களைத் தெளிவாகக் காட்டவில்லை. மரச் சட்டங்களுக்குப் பின்னே ஒளியும், முன்னே இருளில் நிற்கும் கூட்டமும்தான். அழகை அல்ல, சட்டங்களையே முதலில் காண்கிறோம். தன் பெயரின் எழுத்துகளைப் படத்திலுள்ள விளக்குக் கூடுகளில் சிறிதாக எழுதி வைத்திருக்கிறாள்.

1872-ல் ஜப்பானிய அரசு இத்தகைய கடன் அடிமைத்தனத்திலிருந்து பெண்களை விடுவிப்பதாக ஆணையிட்டது. ஆனால் வேறு பெயரில் அது தொடர்ந்தது. 1956-ல் சட்டம் இயற்றப்பட்டு, 1958-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகே யோஷிவாராவின் உரிமம் முடிந்தது. அப்பகுதிக்கு அருகே ஜோகன்ஜி என்ற கோயில் உண்டு. கேட்பாரற்று இறந்த அப்பெண்கள் இருபத்தையாயிரம் பேர் வரை அங்கே அடக்கம் செய்யப்பட்டனர் என்று கூறுகின்றனர். மிதக்கும் உலகம் என்ற சொல்லுக்குள் துயர உலகம் என்ற பழைய பொருள் மறைந்தே போய்விடவில்லை, பார்த்தீர்களா?

கண்காட்சி நாளில் பதினான்கு படங்களும் சுவரில் இருந்தன. ஒகிதாவின் படத்தின்கீழ் அவள் பெயரைப் பெரிதாகத் தமிழில் எழுதினோம். கீரைக்கட்டு விடுகதையைச் சிறுமியர் கூட்டமாக நின்று விடுவித்து மகிழ்ந்தனர். கமுரோச் சிறுமியரின் படத்தின்கீழ், 'இவ்விருவரின் பெயர் எழுதப்படவில்லை. இவர்களுக்கும் ஒரு தாய் வைத்த பெயர் இருந்தது' என்று எழுதி வைத்தோம். அந்தப் படத்தின் முன்னேதான் அம்மாக்கள் அதிக நேரம் நின்றார்கள்.

தோழியரே! அழகிய ஆடையை விரும்புவது பாவமன்று, நாங்களும் விரும்புகிறோம். திருவிழாவுக்குப் புதுத்தாவணி எடுக்கும் கடையில் எங்களைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஆனால் இனி விளம்பரத்திலோ திரையிலோ ஓர் அழகிய பெண்ணின் படத்தைக் காணும்போது, ஆடையைப் பார்த்த பிறகு இன்னும் சற்று நேரம் நின்று, இவள் பெயர் என்ன, இந்த ஆடைக்கு விலை கொடுத்தவர் யார், இவள் விரும்பினால் வாயிலைக் கடந்து வீட்டுக்குப் போக முடியுமா என்று கேட்கப் பழகுவோம். நம்முள் ஒவ்வொருத்தியின் பெயரும் வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் அழைக்கப்படுகிறது. 'உள்ளேன்' என்று பதில் சொல்லும் உரிமை சிறிய உரிமை அன்று.

— பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர்